அக்காவின் ஆரோக்கியம்

புதுச்சேரியில் அந்த ஆஸ்பத்திரி மேசைமேல் வெள்ளைப் பலகை ஒன்று இருந்தது. அதில் சிறு சிறு ஓட்டைகள், பக்கத்துக் கிண்ணத்தில் சுண்டுவிரல் நீளக் குச்சிகள். குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டையில் செருக வேண்டும், பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட வேண்டும். எவ்வளவு நேரமாகிறது என்று பயிற்சி டாக்டரம்மா குறித்துக்கொள்வார். பால்வாடிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற விளையாட்டுதான். ஆனாலும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பக்கத்து நாற்காலியில் என் ஓரகத்தி இன்னொரு பலகையோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

வயதில் அவள் எனக்குச் சில மாதம் இளையவள். மூத்தவருக்கு வாக்கப்பட்டு வந்ததால் எனக்கு அக்கா ஆகிவிட்டாள். அந்த நியாயமே எனக்கு முதலிலிருந்து பிடிக்கவில்லை. விருத்தாசலத்தில் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே உலைச் சோற்றைத் தின்றோம், ஒரே பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போனோம். எனக்கு மட்டும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற நரம்பு நோய் வந்தது. அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்து நான் பார்த்ததில்லை. நோயாளிகளுக்கும் நல்ல உடம்புக்காரர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று ஆராய்ச்சி செய்கிறோம், இரத்த உறவில்லாமல் உங்களைப் போலவே வாழ்கிற ஒருவரைக் கூட்டிவர முடியுமா என்று பெரிய டாக்டர் கேட்டார். என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "எங்க அண்ணி இருக்காங்களே சார், இரும்பு மாதிரி இருப்பாங்க" என்றார். இரும்பு என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த பெருமை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எங்கள் ஊராக இல்லாவிட்டால் இந்த நோயை முன்பே கண்டுபிடித்திருப்பார்கள் என்று தோன்றும். சூளைப் பக்கம் போனால் எனக்கு ஒரு கண் மங்கும், கால் துவளும். "அனல் தாக்கிடுச்சு, மோரு குடு" என்பார்கள். பீங்கான் வேலையில் அனல் தாக்காதவர் யார்? நிழலில் உட்கார்ந்தால் எல்லாரையும் போல எனக்கும் தெளிந்துவிடும். அதனால் நானும் மோரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். குளிர்ந்த மார்கழியிலும் கால் மரத்துப்போய், நடையில் செருப்பு தானாகக் கழன்று விழ ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நரம்புக்கு மேல் ஓர் உறை உண்டு, உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே அதைப் பகை என்று நினைத்து அரித்துவிடுகின்றன, சூடு ஏறினால் அரித்த இடத்தில் சேதி தடைப்படும் என்று டாக்டர் சொன்னார். கரண்ட் கம்பத்துப் பீங்கான் மாதிரி அந்த உறை என்றார். "அதத்தாங்க சார் நாங்க கம்பெனில செய்யறோம்" என்று அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று காலையிலிருந்து எல்லாச் சோதனையிலும் அவள் ஜெயித்துக்கொண்டே வந்தாள். வெளிறிய எழுத்துகளைக் கடைசி வரிசைவரை படித்தாள். கோட்டின்மேல் குதிகாலும் விரலும் ஒட்டக் கோயிலுக்குப் போவது போல நடந்தாள். நான் சுவரைப் பிடித்தேன். என் மூளைப் படத்தில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். அவளுடையதைப் பக்கத்தில் மாட்டியபோது ஒரு புள்ளி இல்லை. அவள் நகையைப் பார்த்தோ சேலையைப் பார்த்தோ நான் ஏங்கியதில்லை. அந்தக் கறுப்புப் படத்தைப் பார்த்து வயிறு எரிந்தது. இருந்தாலும் எனக்குக் கை மிச்சமிருக்கிறது என்று நினைத்தேன். கம்பெனியில் நானும் அவளும்தான் சோடி. எதிரெதிரே உட்கார்ந்து, இன்னும் சுடாத பச்சைப் பீங்கானின் பிசிறைச் சீவி, நடுவிலிருக்கும் பலகையில் ஆளுக்கு ஒரு பக்கம் அடுக்குவோம். இரண்டு பக்கமும் நிறைந்தால்தான் பலகையைக் காயவைக்கத் தூக்குவார்கள். என் பக்கம் அவளுடையதைவிடப் பின்தங்கியதே இல்லை. கால் போனாலும் கையில் அவளுக்குச் சமம் என்பதை வைத்துத்தான் நான் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து இருந்தேன்.

குச்சிகளைச் செருகினோம். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாக முடித்தோம். எனக்கு அப்படியொரு சந்தோஷம். பயிற்சி டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். மறுபடி செய்யச் சொன்னார், மறுபடியும் அப்படியே.

"அம்மா, நீங்க உங்க பலகையப் பாருங்க. அவங்க கையவே பாக்குறீங்க."

"நான் பாட்டுக்குச் செஞ்சிக்கினுதான் இருக்கேன்" என்றாள் அக்கா.

டாக்டரம்மா என்னை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். குச்சிகள் ஓட்டையில் விழும் சத்தம் இடைவெளியே இல்லாமல் படபடவென்று வந்தது. நான் ஒன்றைப் பொறுக்கி எடுக்கிற நேரத்தில் அவள் ஒரு கைப்பிடியை முடித்துவிடுவாள் போலிருந்தது. சத்தம் நின்றுவிட்டது. அவ்வளவுதானா என்று நான் நினைக்கும்போதே அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். "கம்பெனிலயும் இப்பிடித்தானாக்கா? எனக்காவ நிறுத்தி நிறுத்திச் செஞ்சீங்களா?"

ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "சோடி போட்டா அப்பிடித்தாம்மா. பலக ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான ரொம்பணும்? ஆஸ்பத்திரியிலயும் அதே நெனப்புல செஞ்சிட்டேன்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவளுடைய கண், கால், புள்ளியில்லாத படம் எல்லாம் போதாதென்று, வேகத்தைக் குறைத்துக்கொள்கிற வசதியும் அவளிடமே இருந்தது. எனக்குக் குறைத்துக்கொள்ள எதுவும் இல்லை. பாதி வழியில் பஸ் நின்றது. அவள் இறங்கிப் போய் எனக்கும் டீ வாங்கி வந்தாள்.

இப்போது ஊசியும் மாத்திரையுமாக நோய் ஓரளவு அடங்கியிருக்கிறது. வெயில் ஏறுமுன் வேலையை முடித்துக்கொண்டு கைத்தடியோடு வீடு திரும்புகிறேன். அக்கா கூடவே வருவாள், என் அடிக்குத் தன் அடியைச் சிறிதாக்கிக்கொண்டு. போன வாரம் கம்பெனி வாசலில் நின்றுவிட்டேன்.

"நீங்க முன்னாடி போங்கக்கா."

"எதுக்கு? மெதுவாவே போவலாம்."

"உங்க நடையில போங்க. நான் பாக்கணும்."

என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினாள். திரும்பிப் பார்க்கவில்லை. குதிகால் பட்டதும் விரல் எழும்பியது, கை தானாக வீசியது, வழியில் கிடந்த கல்லைக் குனிந்து பார்க்காமலே தாண்டினாள். இத்தனை வருடம் பக்கத்திலேயே நடந்தும் நான் பார்க்காத நடை. பொறாமையாகத்தான் இருந்தது. அவள் தெருமுனையில் திரும்பும்வரை ஓர் அடியையும் விடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.