இரவல் பேர்

"என்ன பேர் வைக்கப்போறே?" என்று ஆயாம்மா கேட்டபோது, அவள் காதில் விழாததுபோல முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். பிரசவமான மறுநாள். குழந்தை உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருந்தது.

"உன்னத்தாம்மா கேக்கறேன்."

"இன்னும் யோசிக்கல."

"யோசிக்கலையா, யோசிக்கப் பயமா?"

அவள் குழாயை மூடினாள். "பேர் வச்சுக் கூப்பிட்டுட்டு, அப்புறம் அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. வீட்டுக்கு வரட்டும். அப்புறம் பாத்துக்கறேன்."

"சரி, நீ வைக்காதே. ஆனா இந்த ரூம்ல பேர் இல்லாம யாரும் படுத்திருக்கக் கூடாது. இது என் சட்டம்." ஆயாம்மா கிழக்கு ஜன்னலைக் காட்டினாள். "உன் பொண்ணு விடியறதுக்கு முன்னாடி பொறந்தா. நான் அப்பத்தான் திரைய விலக்கினேன். மெலிசா ஒரு பிறை நின்னுச்சு. அதனால இவ பேரு பிறை."

"நான்தான் பேரே வேணாம்ங்கறேனே..."

"உனக்கு யாரு குடுத்தா? இது இரவல். வீட்டுக்குப் போறன்னைக்கு வாசல்ல திருப்பிக் குடுத்துட்டு, உன் இஷ்டத்துக்கு ஒண்ணு வச்சுக்க."

குறைமாதக் குழந்தைகளுக்கான அந்த அறையில் ஆறு பெட்டிகள். மூச்சுத் திணறும் குழந்தையை நர்ஸின் மேசைக்குப் பக்கத்திலும், தேறி வருவதை ஜன்னல் பக்கமும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எண் பெட்டிக்குத்தானே தவிர குழந்தைக்கு இல்லை. காலையில் மூன்றாம் நம்பராக இருந்தவன் மாலையில் ஐந்தாம் நம்பர். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவிலிருந்து இந்த அறைக்கு மாறிவந்த ஆயாம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே அது பொறுக்கவில்லை. "துணிக்குத்தான் நம்பர் போடுவாங்க" என்றாள். ஒவ்வொரு குழந்தை வரும்போதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, வானத்தில் என்ன இருக்கிறதோ அதையே பேராக வைத்தாள். வெயில், மந்தாரம், விடிவெள்ளி. அடைமழையில் பிறந்த இரட்டையர் இடியும் மின்னலும். "இடி அழறான் பாருங்க" என்று அவள் கத்தியதைக் கேட்டு அந்தப் பிள்ளையின் அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். ஒருமுறை துடைத்துவிட்டதுபோல வானம் காலியாக இருந்தது. தூரத்தில் ஒன்றே ஒன்று பறந்துபோனது. அந்தப் பையன் வீட்டுக்குப் போகும்வரை விமானம்தான்.

நர்ஸுகள் அவளை வானிலை என்று கூப்பிட்டார்கள். "வானிலை, இன்னைக்குக் குடை எடுத்துட்டு வந்திருக்கணுமா?"

"உனக்கெதுக்கு சிஸ்டர் குடை? இவ்ளோ பெரிய கொண்டை இருக்கே."

சிரிக்கும்போதும் கை நிற்காது. பால் கிண்ணங்களைக் கொதிக்க வைப்பாள். கைக்குட்டை அளவுத் துணிகளை மடிப்பாள். பெட்டிகளை வெளிப்புறமாகத் துடைப்பாள். குழந்தைகளைத் தொடும் வேலை அவளுடையதல்ல. கூப்பிடுவதோடு சரி.

பிறைக்கு எடை ஏறவில்லை. நூல்போன்ற குழாய் வழியே சொட்டுச் சொட்டாகப் பால் போயும், கால்கள் குச்சியாகவே இருந்தன. அந்த நிலையில்தான் கணவனின் அக்கா பார்க்க வந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "பேர் என்னன்னு கூப்பிடறாங்க?" என்று கேட்டார். அவள் பேரையும், அது வந்த கதையையும் சொன்னாள்.

"விடியக்காலைல கிழக்கே தெரிஞ்சா அது தேய்பிறைடி. நாளுக்கு நாள் தேஞ்சு இல்லாமப் போறது. அதையா ஒரு நோஞ்சான் பிள்ளைக்கு வைப்பாங்க?"

"மெதுவா, அண்ணி."

"எதுக்கு மெதுவா? வச்சவங்க காதுல விழட்டும்."

விழுந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த ஆயாம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. எத்தனையோ வருஷமாக வானத்தைப் பார்த்தவள், நிலா வளர்கிறதா தேய்கிறதா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஜன்னல் காட்டியதைப் பார்த்தாள், வைத்தாள், அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே குழந்தைக்கு மூச்சு நின்றது. கருவி அலற, நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டினாள். பெற்றவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். மூச்சு திரும்பிவிட்டது என்று சொல்ல வந்தது ஆயாம்மாதான். சொல்லிவிட்டும் போகாமல் நின்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. மாத்திடலாம். வெளிய பாரு, பளிச்சுன்னு இருக்கு. வெயில்னு கூப்பிடுவோம்."

பேரே வேண்டாம் என்றவள், இந்த நாட்களில் பெட்டியின் பக்கவாட்டு ஓட்டைக்குள் கைவிட்டு, யாரும் பார்க்காதபோது "பிறைக்குட்டி, பிறைக்குட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் அந்தச் சின்ன விரல்கள் லேசாக விரியும்.

"வேணாம், ஆயாம்மா. அவளுக்குத் தெரிஞ்ச பேரு அது ஒண்ணுதான். இப்ப மாத்தினா, வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு நெனச்சுத் திரும்பாமலே இருந்துடுவா."

"தேயறதும்மா அது."

"தேயட்டும். நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்."

அதற்குப் பிறகு ஆயாம்மா பேர் பேச்சையே எடுக்கவில்லை. எடை மெல்ல ஏறியது. முதலில் குழாய் போனது, பிறகு பெட்டி போய்த் தொட்டில் வந்தது. ஒரு நாள் டாக்டர் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்.

கணவன் வண்டி பிடிக்கப் போயிருந்தான். அவள் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"பேரத் திருப்பித் தரமாட்டேன்" என்றாள்.

"அடி ஏமாத்துக்காரி! இரவல்னு சொல்லித்தானே குடுத்தேன்?"

"வேணும்னா போலீஸ்ல சொல்லிக்கங்க."

ஆயாம்மா சிரித்தாள். பிறகு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"இந்த ரூம்லேர்ந்து ஒரு பேருகூட வீட்டுக்குப் போனதில்ல. இதுதான் மொதல்" என்றாள். குழந்தையையே பார்த்தபடி, அவள் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"எனக்கு ஒரு பையன் பொறந்தான். இப்படித்தான், குறைமாசம். கொஞ்சம் பொறுத்துப் பேர் வைக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் பொறுத்தேன். அவன் பொறுக்கல. பேர் இல்லாமலே கொண்டுபோய்ப் பொதச்சாச்சு."

அவள் குழந்தையோடு ஆயாம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்புறமாவது வைக்கலாம்னு எத்தனையோ தடவை பாத்தேன். எது வச்சாலும் இரவல் மாதிரியே இருக்கு. நாளைக்கு வேற பிள்ளைக்குக் குடுத்துடுவேன் போல." ஆயாம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். கை ஈரமாக இல்லை. "அவன் பொறந்தப்ப வானம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. சொல்றேன். நீ கேட்டுட்டு, அவனுக்கு ஒரு பேரு வச்சுக் குடும்மா."