சத்தமில்லாமல் வருவது

நாங்கள் இருக்கும் சுவிஸ் நகரத்தில் பஸ் வருவது காதுக்குத் தெரியாது. தலைக்கு மேலே ஓடும் கம்பியில் மின்சாரம் எடுத்து ஓடும் ட்ரொலிபஸ் அது. புகை இல்லை, மணம் இல்லை. குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தால் முன்னால் நிற்கும். பதினாறு வருடமாகியும் ஒவ்வொரு காலையும் என் நெஞ்சு ஒருமுறை திடுக்கிடுகிறது. சென்ற மாதம், மிச்சமிருக்கும் டீசல் பஸ்களையும் இப்படி மாற்றப்போகிறார்கள் என்று சொல்லி, நகரசபையிலிருந்து ஒரு பெண் தரிப்பிடத்தில் நின்று எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்டாள். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்: "ட்சு லைஸே. ஆங்ஸ்ட்." சத்தம் போதாது, பயம் என்பது என் கருத்து. அவள் என் முகத்தைப் பார்த்தாள், எந்த நாடு என்று கேட்டாள், பிறகு கையைத் தட்டிக்கொடுத்து, இங்கே குண்டு விழாது, இங்கே எல்லாம் அமைதி, பயப்பட வேண்டாம் என்றாள். தாளில் 'திருப்தி' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்த மாதங்கள் நினைவிருக்கும். எண்ணெய் வரத்து நின்று, பஸ் நின்று, நான் சுருவிலில் இருந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை சைக்கிளில் போய், அங்கிருந்து கடல் கடந்து நயினாதீவில் படிப்பித்த காலம். மோட்டர் வள்ளங்கள் கரையில் கிடந்தன. வள்ளக்காரர் சின்னராசா அண்ணை மட்டும் தன் வள்ளத்து இஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டுப் பாய்மரம் நட்டுப் பாய் கட்டினார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. டீசல் மணத்தில் சத்தி எடுத்துக்கொண்டு போன அதே கடலில், வள்ளத்தைக் காற்று மட்டும் இழுத்துக்கொண்டு போனது. ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லை.

ஒரு குறை இருந்தது. சுக்கான் பிடிக்கிறவருக்குப் பாய் முன்பக்கத்தை மறைத்தது. "ரீச்சர், நீங்கள் முன்னுக்கு இருங்கோ. ஏதும் கண்டா சொல்லுங்கோ," என்பார். ஒரு நாள் காலை வள்ளத்தில் நாங்கள் இருவர் மட்டுந்தான். வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. சற்றுத் தூரத்தில் உருண்டையாக ஒன்று மிதந்தது. பனங்காய் என்று நினைத்தேன். பேசாமல் இருந்தேன். அடியில் மெதுவாக ஒரு இடி. பிறகு பலகையோடு ஏதோ உரசிக்கொண்டு பின்பக்கம் போனது.

"என்னது ரீச்சர்?"

"தெரியேல்லை அண்ணை."

"கல்லாயிருக்கும்," என்றார். அவர் குரலில் நம்பிக்கை இருக்கவில்லை. நான் அந்த உருண்டையைப் பற்றிச் சொல்லியிருந்தால் பாயை இறக்கி வள்ளத்தை நிறுத்தியிருப்பார். சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன், வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை.

மூன்று நாளில் என் வகுப்புப் பிள்ளைகள் கடலுக்குப் போகப் பயந்தார்கள். "சத்தமில்லாம ஒண்டு திரியுதாம் ரீச்சர். முதல் இருட்டுமாம், பிறகு இடிக்குமாம்." கரையில் குளிப்பவர்கள் குறைந்தார்கள். சிலர் பேய் விரட்டவென்று அதற்குக் கழிப்புக் கழித்தார்கள். பிள்ளைகள் கொப்பியில் அதைக் கண்ணும் பல்லும் வைத்துக் கீறினார்கள். நான் சரி பிழை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பேயின் முன்னுக்கு இருந்தவள் நான்.

சில கிழமைக்குப் பிறகு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்த ஒருவர் எங்கள் வள்ளத்தில் ஏறி எனக்கு எதிரே இருந்தார். நாற்பது வயதிருக்கும். இடது தோள் இறங்கிக் கை தொங்கியது. கேட்காமல் இருக்க என்னால் ஏலாமல் போயிற்று.

"கைக்கு என்ன நடந்தது அண்ணை?"

"சங்கு குளிக்கேக்க அடிச்சது தங்கச்சி. இஞ்சின் வள்ளமெண்டா தண்ணிக்குள்ளயே கேக்கும், விலகிப்போடுவன். இது சத்தமே இல்லை. மேல வரேக்க தலைக்கு மேல இருட்டினது. பிறகு அடையாளத்துக்கு விட்ட உருண்டை மிதப்பைப் பிடிச்சுக்கொண்டு பின்னேரம் வரைக்கும் கிடந்தனான்."

"வள்ளமாத்தான் இருக்குமோ?"

அவர் தலையாட்டினார். "வள்ளமெண்டா ஆக்கள் இருப்பினம். ஆக்கள் எண்டா நிண்டு பாத்திருப்பினம்."

சின்னராசா அண்ணை சுக்கானை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாய் மட்டும் ஒருமுறை படபடத்தது. இறங்குதுறையில் ஒற்றைக் கையால் அவருக்கு மேலே ஏற ஏலவில்லை. நான் கை கொடுத்தேன். "நல்லா இருப்பியள் தங்கச்சி," என்றுவிட்டுக் கோயில் பக்கம் நடந்தார். அன்றும் நான் சொல்லவில்லை. அடுத்த வருடம் நாட்டை விட்டு வந்துவிட்டேன். இங்கே கலியாணமாகி, பிள்ளை பிறந்து, இவ்வளவு காலத்தில் கணவருக்குக்கூடச் சொன்னதில்லை.

போன கோடையில் மகளை ஏரிக்குக் கூட்டிப்போனேன். அவள் நீந்தும் பிள்ளைகளோடு கயிறு கட்டிய எல்லை வரை போய்விட்டாள். அப்போது வெள்ளைப் பாய் விரித்த ஒரு வள்ளம் அந்தப் பக்கமாக வந்தது. எழுந்து நின்று என் தொண்டை கிழியக் கத்தினேன்: "ஆள் இருக்கு, ஆள் இருக்கு." வள்ளம் எட்டத்திலேயே தன் வழியில் திரும்பிப் போனது. புல்லில் படுத்திருந்தவர்கள் தலை நிமிர்த்திப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த வயதான சுவிஸ்காரி, நான் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். எனக்கு உதவியாக அவளும் எழுந்து, வாயில் கை குவித்து, "ஆலிருக்கு, ஆலிருக்கு" என்று தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டாள். மகள் திரும்பவில்லை. அது அவளுடைய பெயர் இல்லையே.