உப்பென்று சொன்ன தண்ணீர்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஊர்ப்பெயர்கள் நிறைய மறந்துவிட்டன. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் என் தாய்மாமன் கையாலேயே குழாய் இறக்கிக் கைபோர் போடுகிறவர். கிணற்றுக்கு வெடி வைக்கவும் தெரிந்தவர். மாமன் கை வைத்த இடத்தில் தண்ணீர் பொய்க்காது என்று பேர். அவர் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் தண்ணீரை ஒரு பெண் குழந்தை குடித்துப் பார்த்து ருசி சொல்ல வேண்டும். சின்ன வயதில் அந்த வேலை என்னுடையது.

இராமேசுவரத்துக்கு அப்பால் ஒரு தீவில் பெரிய ஓட்டல் கட்டப் போகிறார்கள், தண்ணீர் பார்க்க வேண்டும் என்று மாமனையும் ஆட்களையும் கூப்பிட்டார்கள். சாமி கும்பிட்டது போலவும் இருக்கும் என்று அம்மாவும் நானும் கூடப் போனோம். அம்மாவுக்குத் தோணி என்றால் பயம், சத்திரத்திலேயே இருந்துகொண்டாள். என்னை மட்டும் மாமன் தூக்கித் தோணியில் வைத்தார்.

தீவில் ஓட்டல் முதலாளி கையை நீட்டி நீட்டிக் காட்டினார். "தண்ணி மட்டும் நல்லதா கெடைச்சிட்டா அஸ்திவாரம் போட்டுடலாம். கெடைக்கலேன்னா இந்தத் தீவே வேண்டாம். அப்புறம் படகு வர வழியில்ல, அந்தப் பாறைய ஒடைக்கணும். உங்க ஊர்க்காரங்க வெடி வைக்கறதுல கெட்டியாமே?"

"அதுக்கென்னங்க, வெச்சரலாங்க" என்றார் மாமன். காலையில் வருவதாகச் சொல்லி முதலாளி கரைக்குப் போய்விட்டார்.

குழாய் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும், தண்ணீர் வந்துவிட்டது. குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது. "இனிக்குதுங்க மாமா!" என்று குதித்தேன்.

சாயங்காலம் கடல் வற்றியதும் வெடிக்குழிக்கு இடம் குறிக்க மாமன் கடப்பாரையோடு இறங்கினார். நான் அவர் தோளில். தோணிக்காரர் அடியில் கண்ணாடி பதித்த தகரடப்பா ஒன்றைக் கொடுத்து, "பாத்து மிதிங்க, எல்லாம் உசுரா இருக்கு" என்றார்.

"பாறைக்கு ஏதப்பா உசுரு?" என்று சிரித்த மாமன் டப்பாவைத் தண்ணீரில் அழுத்திக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. எனக்கும் காட்டினார். எங்கள் பக்கத்து இளம்பிள்ளை ஊரில் சாயம் தோய்த்துக் காயப்போட்ட நூலெல்லாம் ஒரே இடத்தில் முளைத்து ஆடியது போல இருந்தது. மான்கொம்பு போல ஒன்று, பூக்கோசு போல ஒன்று. நடுவில் நீல உதடு வைத்த பெரிய சிப்பி. மாமன் கடப்பாரையை அதன் பக்கம் கொண்டுபோனதும் வாயைப் பட்டென்று மூடிக்கொண்டது.

"அடேயப்பா" என்றார் மாமன், யாரிடமோ சொல்வது போல. ஒரு குழியும் குறிக்காமல் கரையேறினார்.

காலையில் முதலாளி வந்தார். எல்லோர் முன்னாலும் மாமன் என்னிடம் தம்ளரை நீட்டினார். வாய் வைத்தேன். குமட்டியது. "உப்பு!" என்று துப்பினேன். முதலாளியும் வாங்கி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இன்னும் ஆழமாப் போய்ப் பாரேன்யா."

"போகப் போக இன்னும் கரிக்குமுங்க. இங்க நல்ல தண்ணி இல்லீங்க."

ஆட்கள் தலை குனிந்து நின்றார்கள். "நேத்து..." என்று நான் ஆரம்பித்ததும் மாமன் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "போலாம் சாமி, அம்மா தேடுவா."

அன்று தம்ளரில் இருந்தது கடலில் மொண்ட தண்ணீர் என்பது கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஊரில் மாமனை விடவில்லை. "கடலுக்கு நடுவால போயும் தண்ணி காங்காம வந்துட்டாரு நம்ம மாப்ள!" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அதன்பின் போர் போட வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். மாமன் அடுத்தவர் காட்டில் களை வெட்டும் கூலி வேலைக்குப் போனார். "நீங்க ஏன் மாமா பேசாம இருக்கீங்க?" என்று அழுதேன். "விடு கண்ணு" என்றார். பாவம், தோற்றுப்போனதால் பதில் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது டி.வி.யில் ஏதோ தீவில் பெரிய ஓட்டல் வரப்போவதாகக் காட்டுகிறார்கள். அதே தீவா, தெரியவில்லை. அந்தப் பக்கம் பழக்கம் உள்ளவர்கள் யாராவது நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். தீவின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பாறைக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று மட்டுமாவது பார்த்துச் சொல்லுங்கள்.