அண்ணியின் துணி முடிச்சுகள்

டிராக்டரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே, சுண்டைக்காய் அளவில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. சாவியைத் திருப்பினால் எரியும். எஞ்சின் வேகம் பிடித்து பாட்டரி சார்ஜ் ஆகத் தொடங்கினால் அணைய வேண்டும். அந்த வருடம் அது அணையவே இல்லை.

வியட்நாமில், சைகோன் நகரின் ஓரத்தில், குச்சி என்ற ஊரில் இருந்த எங்கள் நிலத்தை என் கணவரின் அக்காதான் பார்த்துக்கொண்டார். அண்ணி என்று அழைப்பேன். போர் முடிவதற்கு முன்பே வந்த டிராக்டர் அது. அதன் டைனமோ செத்துவிட்டது. மழை வலுப்பதற்குள் உழாவிட்டால் அந்தப் போகம் நெல் கிடையாது. டைனமோவைக் கழற்றிவிட்டு, பாட்டரியை சார்ஜ் செய்யும் அதே வேலைக்குப் புதுவகையான ஆல்டர்னேட்டர் மாட்ட முடிவு செய்தோம். நகரத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்ததில் எங்கள் டிராக்டருக்குப் பொருந்துவது ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. பேருந்தில் ஒரு தொடையில் ஏழு மாத மகள், மறு தொடையில் ஆல்டர்னேட்டர். எதை அதிகம் இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

அண்ணி எதையும் கழற்றுமுன் ஒவ்வொரு ஒயரிலும் ஒரு நிறத் துணியை முடிந்துவைப்பார். மாட்டும்போது எல்லாம் இருந்த இடத்துக்கே திரும்பும். அன்றும் அப்படியே மாட்டினார். பாட்டரியின் கடைசி ஒயரை அவர் கையில் எடுத்தபோது, நான்காவது முறையாகத் தடுத்தேன்.

"அடுப்ப அணைச்சமான்னு பாதி வழியில திரும்பி வர்ற ஆளுதானடி நீ!"

"இன்னொருக்கா பாத்துடறேன் அண்ணி."

"பாரு, பாரு. மழைய வேணா செத்த நிக்கச் சொல்றேன்."

முடிச்சுகள் எல்லாம் சரியாக இருந்தன. தவறே அதுதான். அந்தப் பழைய டிராக்டரில் பாட்டரியின் ப்ளஸ் முனையை இரும்புச் சட்டத்தோடு சேர்த்திருந்தார்கள். டைனமோவுக்கு அது பொருந்தும். நாங்கள் வாங்கிய ஆல்டர்னேட்டருக்கோ மைனஸ்தான் அங்கே சேர வேண்டும். மாற்றிக் கொடுத்தால் தொட்ட நொடியில் உள்ளே கருகிவிடும். பாலிடெக்னிக்கில் படித்த பாடம்தான். ஆனால் இருபது வருடம் டிராக்டர் ஓட்டியவரிடம் எப்படிச் சொல்வது? நான் படித்தது தவறாக நினைவிருந்தால்? சொல்லிவிட்டேன்.

அண்ணி ஒயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப, பாத்துப் பாத்து முடிஞ்சு வச்ச நானே அதக் கொளுத்தப் பாத்தேனா?" என்று வெடித்துச் சிரித்தார். "மாத்துடி!"

முனைகளை மாற்றினோம். எஞ்சின் உறுமியது. விளக்கு எரிந்தது, மங்கியது, அணைந்தது. அண்ணி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வயலைச் சுற்றினார்; கல்யாண ஊர்வலமோ என்று பக்கத்து வீட்டு வியட்நாமியர்கள் ஓடி வந்தார்கள். மழைக்கு முன்பே உழவு முடிந்தது.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. அண்ணியின் மடியில் உட்கார்ந்து சாவியைப் பிடிக்கிறாள்.

"இரு, உங்கம்மா பாத்தாச்சான்னு கேளு," என்கிறார் அண்ணி.

ஒருமுறை பார்க்கிறேன். வெட்கப்படாமல் இன்னொரு முறையும் பார்க்கிறேன். சாவி திரும்புகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது, அணைகிறது.