தேரடியில் ஒரு மாத்திரை

பிரெஞ்சுக் கொடி காரைக்காலில் பறந்த கடைசி ஆண்டுகளில், ஜூலை பதினாலு விழாவில் எனக்கு அக்கறை இருந்தது சைக்கிள் பந்தயத்தில் மட்டும்தான். அணிவகுப்பும் பேச்சும் முடிந்த பிறகு கடற்கரைச் சாலையிலிருந்து பந்தயம் கிளம்பும். திருநள்ளாறு தேரடி வரை போய்த் திரும்ப வேண்டும். அப்படி மூன்று முறை. அதைவிட நீளமாக ஓட எங்கள் ஊரில் இடம் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்தில் இந்திய எல்லையும் சுங்கச் சாவடியும் வந்துவிடும்.

நான் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், குமாஸ்தாவாக இருந்தேன். பந்தயத்தன்று என்னைத் தேரடியில் நிறுத்துவார்கள். அங்கே வந்து திரும்புகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நாடா கொடுக்க வேண்டும். யாரும் பாதி வழியிலேயே திரும்பிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்தவர் ஒரு மரைக்காயர். கடைத்தெருவில் அவருடைய வாப்பாவுக்குக் குடைக்கடை. மரைக்காயர் சைக்கிளில் போவதைப் பார்த்தால் பந்தயத்துக்குப் போகிறவர் மாதிரியே இருக்காது. முதுகு வளையாது, தோள் ஆடாது. நாடாவை வாங்கும்போது மூச்சு வாங்கினாலும் "வர்றேங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். அவர் இரண்டாவது வருஷம் எடுத்த நேரத்தை அவரே மூன்றாவது வருஷம் முந்த முடியவில்லை. வேறு யாரும் கிட்டேயே வரவில்லை. அவர்மேல் எனக்கு இருந்த அபிமானத்தில் ஒரே மழைக்காலத்தில் இரண்டு குடை வாங்கினேன்.

நாலாவது வருஷம் ஒரு சொல்தா பந்தயத்தில் சேர்ந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது. இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தார். ஒல்லி. கறுப்புக் கண்ணாடி. தெருவின் அந்தக் கோடியில் இருப்பவருக்கும் கேட்கிற குரல். பந்தயத்துக்கு முன்பே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் எதுவும் இருந்ததாக இப்போது நினைவில்லை.

முதல் சுற்றில் மரைக்காயர்தான் முன்னால் வந்தார். சொல்தா கொஞ்சம் பின்தங்கி வந்தார். இரண்டாம் சுற்றில் சொல்தா மிகவும் களைத்துப் போய்த் தேரடிக்கு வந்து சேர்ந்தார். நாடாவை வாங்கியவர் கிளம்பவில்லை. காலை ஊன்றி நின்றுகொண்டு, சட்டைப்பையிலிருந்து சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்தார்.

"மிசியே, கொஞ்சம் தண்ணி குடுங்க."

என்னிடம் ஒரு செம்பு தண்ணீர் இருந்தது. கொடுத்தேன். "அது என்னாங்க?" என்று கேட்டேன்.

"அசதி தெரியாது. அங்க ராத்திரிக் காவலுக்குப் போறப்ப எங்களுக்குக் குடுப்பாங்க. உங்களுக்கு வேணுமா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே இன்னொன்றை எடுத்து நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். கிளம்பிப் போனார்.

மூன்றாவது முறை தேரடிக்கு முதலில் வந்தது சொல்தாதான். அவருடைய தாடை அசைந்துகொண்டே இருந்தது, வாயில் எதையோ மெல்லுகிறவர் மாதிரி. கண்ணாடியைக் கழற்றியிருந்தார், கண்மணி பெரிதாக இருந்தது. நாடாவைப் பிடுங்கிக்கொண்டு போனார். என்னை அடையாளம் தெரிந்ததாகவே தோன்றவில்லை. பின்னாலேயே மரைக்காயர் வந்தார்.

"எவ்ளோ தூரம் போயிட்டாரு?"

"பக்கந்தாங்க. அந்தா, அந்தப் புளியமரத்துகிட்ட."

மரைக்காயர் முதன்முறையாகக் கைப்பிடியின் மேல் குனிந்து மிதித்தார். இந்த முறை "வர்றேங்க" சொல்லவில்லை.

நான் என் சைக்கிளில் ஊர் திரும்பியபோது சொல்தாவைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். பழைய நேரத்தை அவர் நாலைந்து நிமிஷம் குறைத்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் கடிகாரம் வைத்திருந்தவரிடம் போய் இரண்டாவதாக வந்தவரின் நேரம் என்ன என்று கேட்டேன். அதை வேறு யாரும் கேட்கவில்லை என்றார். மரைக்காயரும் தன்னுடைய பழைய சாதனையை முறியடித்திருந்தார்.

மாத்திரை விஷயம் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லித்தான் தெரிந்தது என்று இல்லை. சொல்தாவே காப்பிக்கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாராம். மறுநாள் விழாக் குழு கூடியது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பார்த்ததைச் சொன்னேன், தண்ணீர் கொடுத்ததையும் சேர்த்து. சொல்தாவைக் கேட்டார்கள். "ஆமா, போட்டேன். போடக்கூடாதுன்னு யாரு சொன்னா?" என்றார்.

யாரும் சொல்லியிருக்கவில்லைதான். குழுவில் இருந்த வெள்ளைக்கார டாக்டர், அது பட்டாளத்தில் கொடுக்கிற மருந்து, அதைத் தடுக்க விதி இல்லை என்றார். ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப அடுத்த வருஷம் ஒருத்தன் சாராயத்தக் குடிச்சிட்டு வருவான். அவனுக்கும் பரிசுக் கோப்பையக் குடுத்துருவீங்களா?" என்று கேட்டார். டாக்டருக்கு அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவன் முதல் திருப்பத்திலேயே விழுந்துவிடுவான் என்றார் டாக்டர். பெரியவர் தவிர எல்லோரும் சிரித்தார்கள். சாதனை சொல்தாவுடையது என்று முடிவானது.

நான் நேராகக் குடைக்கடைக்குப் போனேன். மரைக்காயர் புதிதாக வந்த குடைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒரு புகார் குடுங்க. அந்தப் பெரியவர் உங்க பக்கம் பேசுவாரு," என்றேன்.

"எதுக்குங்க?"

"மாத்திரை போட்டுத்தானே உங்கள முந்துனாரு?"

"இருக்கட்டும். மூணு வருஷமா எனக்கு முன்னாடி ஒருத்தருமே போகல தம்பி. நேத்துதான் துரத்துறதுக்கு ஒரு ஆள் கெடச்சாரு."

அவருடைய நேரத்தைச் சொன்னேன். விரித்த குடையை அப்படியே தரையில் வைத்தார். "நெசமாவா?" என்றார். மறுபடியும் சொன்னேன். "அல்ஹம்துலில்லா. வாப்பாகிட்ட சொல்லணும்," என்று உள்ளே போய்விட்டார்.

கடை வாசலில் நின்ற எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று நான் எண்ணியிருந்தேன். அவரும் அப்படி எண்ணினால்தான் என் கோபத்துக்கு ஒரு துணை கிடைக்கும். அவர் சந்தோஷமாக இருந்தார்.

கோப்பையைச் சொல்தா வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் என்னிடம் வந்தது. மறுநாள் மாலை போனேன். அவருடைய அம்மா கதவைத் திறந்தார். "வாங்க தம்பி. பந்தயத்துலேருந்து வந்தவன் இன்னும் கண்ண மூடல. நீங்களாச்சும் சொல்லுங்க," என்றார்.

சொல்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அம்மா கொடுத்த காப்பியை வாய்க்குக் கொண்டுபோகும்போதே சட்டையில் கொட்டிக்கொண்டார். அதைத் துடைக்கவும் இல்லை.

"மரைக்காயர் என்னா சொன்னாரு?"

"கோபமே படலைங்க. உங்களத் துரத்துனது நல்லா இருந்துச்சாம்."

சொல்தா அந்தப் பெரிய குரல் இல்லாமல் பேசினார். "அவரு பின்னாடி வர்றது எனக்குத் தெரியும். ஆனா அவருன்னு தோணல. வயக்காட்டுக்குள்ளேருந்து எவனோ சுடப்போறான்னு நெனச்சுக்கிட்டே மிதிச்சேன். ரெண்டு பக்கமும் நெல்லு. அங்கயும் இப்படித்தான் இருக்கும்."

அவரை வெறுப்பது அதோடு எனக்குச் சிரமமாகிவிட்டது. பிடித்துப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது.

அடுத்த வருஷம் எல்லையை அடைத்துவிட்டார்கள். அரிசி கிடைப்பதே பாடாக இருந்தது. பந்தயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த வருஷ முடிவுக்குள் கொடி மாறியது. சொல்தா பிரான்சுக்குப் போய்விட்டார். புது விழாவில் புதுப் பந்தயம் வந்தது, வேறு சாலையில், வேறு தூரத்துக்கு. பழைய சாதனையை இனி யாரும் முறியடிக்க வழியில்லாமல் போயிற்று.

புது விழாவின் முதல் பந்தயத்தை மரைக்காயரும் நானும் சாலை ஓரமாக நின்று பார்த்தோம். அவருக்குக் கல்யாணமாகி உடம்பு போட்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஓர் ஆள், முன்னெல்லாம் இந்த ஊரில் பெரிய வேகக்காரர் யார் என்று கேட்டார். எனக்கு முன்னால் மரைக்காயரே பதில் சொன்னார்.

"ஒரு சொல்தா இருந்தாருங்க. என்னா வேகம்! நான் பின்னாடியே வந்து பாத்தேன்."

அதற்குள் சைக்கிள்கள் வந்துவிட்டன. முன்னால் வந்தவர் திருவேட்டக்குடிக்காரர் என்றார்கள். யாருக்காகக் கத்துவது என்று முடிவு செய்துகொள்ளாமல் நான் பார்த்த முதல் பந்தயம் அது.