எனக்கும் சேத்துத் தண்ணி குடி

ரீத்தாக்கா, சாம்பல் புதன் வந்துடுச்சு. நெத்தியில சாம்பலோட ஒக்காந்துதான் இத எழுதுறேன். நீ இல்லாம வர்ற மொத தவக்காலம் இது. அப்பா நேத்தே மீனையும் முட்டையையும் எடுத்து பக்கத்து வீட்டுல குடுத்துட்டாரு. நீ இருந்தா நீதான் குடுத்திருப்ப.

நான் பாரம் மூணுலயே (ஒம்பதாவது வகுப்பு) படிப்ப விட்டவன். எழுதிப் பழக்கமில்ல, பேசுற மாதிரிதான் வருது. ஆனா டயாலிசிஸ் (கிட்னி செய்ய வேண்டிய வேலைய மிஷின் செஞ்சு ரத்தத்த சுத்தம் பண்றது) ரூமுக்கு வெளிய பெஞ்சில ஒக்காந்து மொகம் வெளிறிக் கெடக்கிறவங்கள நெறைய பாத்துட்டேன். அவங்களுக்குத்தான் இது.

நாங்க புக்கிட் ரோத்தான் பக்கத்துல ஒரு எஸ்டேட்ல இருக்கோம். அப்பா எஸ்டேட் கேட்டுல ஜாகா, காவல் வேல. நான் லோரியில செம்பனக் குலை (எண்ணெய் எடுக்கிற பனங்குலை) ஏத்துறவன். அம்மா நான் சின்னப் பையனா இருக்கும்போதே போயிட்டாங்க. அக்காதான் என்னை வளத்துச்சு. பாலர் பள்ளியில புள்ளைங்களப் பாத்துக்கிற வேல அதுக்கு.

மொதல்ல சிலிப்பர் தடம்தான். சாயங்காலம் வேல விட்டு வந்து சிலிப்பரக் கழட்டினா, கால்ல வார் பதிஞ்ச எடம் பள்ளமா நிக்கும். காலையில மொகம் உப்பியிருக்கும். எல்லாரும் "ரீத்தா குண்டாயிட்டா, கல்யாணக் களை வந்துடுச்சு"ன்னு கேலி பண்ணாங்க. அக்காவும் சிரிச்சுச்சு. அப்புறம் சோறு எறங்கல. படி ஏறினா மூச்சு வாங்குச்சு.

கிளினிக்ல பிரஷர் பாத்தவங்க ரெண்டாவது தடவ பாத்தாங்க, மூணாவது தடவையும் பாத்தாங்க. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டாங்க. ரொம்ப நாளா பிரஷர் இருந்து, தெரியாமலே ரெண்டு கிட்னியும் கெட்டுப்போச்சாம். அப்ப அக்காவுக்கு முப்பது வயசுதான்.

அப்பா டாக்டர்கிட்ட கேட்டாரு, "மருந்து குடுத்தா திரும்பி வருமா டாக்டர்?"

"வராது அங்கிள். மிஷின்ல போட்டா வாழலாம்."

அப்பாவுக்கு "வாழலாம்"ங்கிறது மட்டும் காதுல விழுந்துச்சு. எனக்கு "வராது" மட்டும்.

கையில ஃபிஸ்துலா (ஊசி குத்துறதுக்குத் தோதா ரெண்டு ரத்தக் குழாயச் சேத்துத் தைக்கிறது) வச்சாங்க. தைச்ச எடத்துல வெரல வச்சா உர்ருனு அதிரும். அது நின்னுபோனா ஆபத்து, தெனமும் தொட்டுப் பாக்கணும்னு மிஸ்ஸி சொன்னாங்க. இங்க நர்ஸ நாங்க மிஸ்ஸின்னுதான் கூப்பிடுவோம். காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னால நான் தொட்டுப் பாப்பேன். "என்னடா, மோட்டோ ஸ்டார்ட் ஆகுதா?"ன்னு அக்கா கேக்கும். "ஆகுது"ன்னுட்டுக் கெளம்புவேன்.

வலியக்கூட அக்கா தாங்கிக்கிச்சு. தாகம்தான் கொன்னுச்சு. ஒண்ணுக்கு போகாத ஒடம்புல குடிக்கிற தண்ணியெல்லாம் உள்ளயே தேங்கும், நொரையீரலுக்குப் போயிடும். அதனால ஒரு நாளைக்கு ஒரு சின்ன போத்தல் தண்ணி, அவ்வளவுதான். கொழம்பும் அந்தக் கணக்குலதான். நாங்க தண்ணி குடிக்கிற சத்தம் கேக்கக் கூடாதுன்னு நானும் அப்பாவும் அடுப்படிக்குப் போய்க் குடிப்போம்.

இப்படியே ஒரு தவக்காலம் வந்துச்சு. போன வருஷம்.

எங்க வீட்டுல தவக்காலம் முழுக்கக் கவுச்சி கெடையாது. கோயில்ல அவ்வளவு கேக்கல, வெள்ளிக்கெழம மட்டும் விட்டாப் போதும். ஆனா அம்மா காலத்துலேருந்தே எங்க வீட்டு மொற இது. மீன், முட்ட, கோழி எதுவும் அடுப்பேறாது. அக்காவும் அதையே புடிச்சுச்சு. நாங்களும் நல்லதுன்னுதான் நெனச்சோம். நோயாளிக்கு மரக்கறிய விட சுத்தமான சாப்பாடு என்ன இருக்கு? கீரை, பருப்பு, வாழப்பழம்னு அப்பா தேடித் தேடி வாங்கிட்டு வந்தாரு. மொகத்துல வெளிச்சம் வந்துடுச்சுன்னு கோயில்ல சொன்னாங்க.

அடுத்த ரத்தப் பரிசோதனையப் பாத்து டாக்டர் மொகம் மாறிப்போச்சு. மலாய்க்காரப் பொண்ணு, எங்கள விட கொஞ்சம்தான் மூத்தவங்க.

"சாப்பாட்டுல என்ன மாத்துனீங்க?"

அக்கா பெருமையா சொல்லுச்சு, "இப்ப வெறும் மரக்கறிதான் டாக்டர். எங்களுக்குத் தவக்காலம்."

டாக்டர் பேனாவக் கீழ வச்சாங்க. பொட்டாசியம் (கீரை, பழம், பருப்புல நெறைய இருக்கிற ஒரு உப்பு; நல்ல கிட்னி அத வெளிய தள்ளிடும்) ஏறிப்போச்சாம். இன்னும் ஏறினா நெஞ்சு சொல்லாம கொள்ளாம நின்னுடும். அல்புமின் (ரத்தத்துல இருக்கிற புரதம்) எறங்கிப்போச்சாம். மிஷின்ல இருக்கிறவங்க மத்தவங்கள விட அதிகமா மீனும் முட்ட வெள்ளையும் சாப்பிடணும். நாங்க நல்லதுன்னு செஞ்சது எல்லாமே தலைகீழா இருந்துச்சு. இத நல்லாப் படிச்சுக்குங்க. நம்ம வீடுகள்ல யாரும் இத சொல்லித் தர மாட்டாங்க.

அக்கா ஒத்துக்கல. "சீக்காளிக்கு ஒருசந்தி நோன்பு இல்லம்மா, சாப்பிடு"ன்னு ஃபாதர் போன்ல சொன்னாரு. அப்பவும் ஒத்துக்கல.

"சாமிகிட்ட சொல்லிட்டேன். பாதியில விட முடியாது."

"என்ன சொன்ன?"

அக்கா அப்புறம்தான் சொல்லுச்சு. நான் திரும்பக் கோயிலுக்கு வரணும்னு பொருத்தன (சாமிக்கு நேந்துக்கிறது) வச்சிருக்காம். அம்மா போனதுலேருந்து நான் உள்ள போறதில்ல. அப்பாவையும் அக்காவையும் ஒவ்வொருத்தரா ஏத்திட்டுப் போய் வாசல்ல எறக்கி விட்டுட்டு மோட்டோ மேல ஒக்காந்து போன் பாப்பேன். எனக்காகத்தான் அந்த மனுஷி முட்டையத் தொடாம செத்துக்கிட்டு இருந்துச்சு.

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. "ஒன்ன யாரு கேட்டா?"ன்னேன். "யாரும் கேக்கலடா"ன்னுச்சு.

வழி சொன்னது காதர் மாமா. குவாலா சிலாங்கூர்ல சாப்பாட்டுக் கடை வச்சிருக்கிறவரு. அக்காவுக்குப் பக்கத்து மிஷின். அவருக்கு அது நோன்பு மாசம், அவருக்கும் நோன்பு கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. நாங்க குசுகுசுன்னு சண்ட போடுறதக் கேட்டுட்டு, கண்ணத் தெறக்காமலே சொன்னாரு.

"ஏம்மா, எங்க மார்க்கத்துல தீராத நோய்க்காரன் நோன்பு வைக்க வேணாம். அதுக்குப் பதிலா ஒரு ஏழைக்கு வயிறாரப் போடணும். நான் ஒரு மாசமா ஆள் தேடிப் போட்டுக்கிட்டு இருக்கேன். ஒங்க சாமி மட்டும் பதிலுக்கு எதுவும் வாங்க மாட்டாரா?"

"எங்ககிட்ட அப்படி இல்ல மாமா."

"கேட்டுப் பாத்தியா?"

திரும்பி வர்ற வழியில நான் சொன்னேன், "நீ சாப்பிடு. ஒனக்குப் பதிலா நான் கவுச்சி விடுறேன்."

அக்கா வாடகைக் காருக்குள்ள சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. "நீயா? நாசி லெமாக் சோத்துல கோழி இல்லன்னா நீ கண்ணே தெறக்க மாட்டியே லா."

"தெறப்பேன்."

"வெறும் கவுச்சிய விட்டா அது டயட்டு. வெள்ளிக்கெழம சிலுவைப் பாதை ஜெபத்துக்கும் வரணும்."

"சரி."

அன்னிக்கு சாயங்காலம் எங்க வீட்டுல சீக்காளி பொரிச்ச மீன் சாப்பிட்டுச்சு, குலை ஏத்துற தடியன் ரசஞ்சோறு சாப்பிட்டான். அக்கா மொதல் வாய்க்கு அழுதுச்சு. அப்புறம் முள்ள ஒதுக்கி நல்லாவே சாப்பிட்டுச்சு. அப்பா ரெண்டு தட்டையும் பாத்துட்டு, "ஒலகம் கவுந்துபோச்சு லா"ன்னுட்டு தன் தட்ட எடுத்துட்டு என் பக்கத்துல வந்து ஒக்காந்துக்கிட்டாரு.

நான் அதோட நிறுத்தியிருக்கணும். ஒரு வெள்ளிக்கெழம சிலுவைப் பாதையில, "தாகமாயிருக்கிறேன்"னு ஆண்டவர் சொன்னத வாசிச்சாங்க. அக்கா ஒதட்ட நக்கிக்கிட்டுச்சு. சும்மா வறண்டு போயித்தான். அதப் பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. மறுநாளு அக்காவோட சின்ன போத்தல் அளவுக்கே தண்ணி எடுத்துட்டு வேலைக்குப் போனேன். யார்கிட்டயும் சொல்லல.

மொத நாள் தலவலி. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. யாரோ கொழாயத் தெறக்கிற சத்தம் கேட்டாலே ஒடம்பு அந்தப் பக்கம் திரும்புச்சு. எப்ப அடுத்த வாய்னு பாத்துப் பாத்தே பொழுது நகரல. அக்காவோட ஒரு நாள் எவ்வளவு நீளம்னு அப்பதான் தெரிஞ்சுச்சு. ரெண்டாவது நாள் வெயில்ல குலையத் தூக்கினவன் அப்படியே சாஞ்சிட்டேன்.

கண்ணு முழிச்சா கையில டிரிப்பு. டாக்டர் ஆம்பள, வயசானவரு. தண்ணி வத்திப்போயி என் கிட்னியே தடுமாறுதுன்னாரு. பக்கத்துல அக்கா. அன்னிக்குத்தான் மிஷின் முடிஞ்சு வந்திருந்துச்சு. கையில கட்டுகூடப் பிரிக்கல.

"ஒரு வீட்டுக்கு ஒரு கிட்னிக்காரி பத்தாதா? அப்பா எத்தன பேரத் தூக்கிட்டுத் திரிவாரு?"



கொஞ்ச நேரம் கழிச்சு என் தலையத் தடவுச்சு. "நீ தண்ணிய விட்டா என் தாகம் தீருமாடா? குடி. நல்லாக் குடி. ஆனா குடிக்கிறோம்னு தெரிஞ்சு குடி. எனக்கும் சேத்துக் குடி."

டம்ளர எடுத்து அதே குடுத்துச்சு. நான் குடிக்கக் குடிக்க என் தொண்டையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அடுப்படிக்குப் போகாம அக்கா முன்னாடி நான் தண்ணி குடிச்சது அன்னிக்குத்தான்.

அந்த ஈஸ்டருக்கு நாங்க மூணு பேரும் ஒரே பெஞ்சில ஒக்காந்தோம். அக்காவுக்கு அல்புமின் ஏறியிருந்துச்சு. எனக்குள்ள பெரிய வெளிச்சம் எதுவும் வரல. மோட்டோ மேல ஒக்காந்திருந்தப்ப இருந்த எரிச்சல் மட்டும் இல்ல. நான் ஒருத்தருக்குப் பிரயோசனமா இருக்கேன்னு இருந்துச்சு. எனக்கு அதுக்கு முன்னால அப்படி இருந்ததில்ல.

வருஷக் கடைசி மழையில அக்காவுக்குக் காய்ச்சல் வந்துச்சு. செப்சிஸ் (கிருமி ரத்தத்துல கலந்து ஒடம்பு முழுக்கப் பரவுறது)ன்னாங்க. டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்குக் காய்ச்சல் வந்தா விடியட்டும்னு இருக்காதீங்க, ஒடனே போங்க. நாங்க ஒடனேதான் போனோம். சில நேரம் போனாலும் முடியறதில்ல.

வாயில குழாய் வைக்கிறதுக்கு முன்னால, மிஸ்ஸி குடுத்த பஞ்ச நனச்சு ஒதட்டுல வச்சேன். அக்கா சப்பிக்கிட்டே கேட்டுச்சு, "நீ குடிச்சியா?"

"குடிச்சேன்க்கா."

அதுக்கப்புறம் பேசல.

இப்ப அக்காவோட மிஷின்ல வேற ஒருத்தங்க. காதர் மாமாவுக்குக் கால் முன்ன மாதிரி இல்ல, மகன் கடையப் பாக்கணும். அதனால மிஷின் நாளுக்கு அவர நான்தான் கூட்டிட்டுப் போறேன். லோரி முதலாளிகிட்ட சொல்லி அந்த நாள்ல மதியத்துக்கு மேல வேல மாத்திக்கிட்டேன். புதுசா வர்றவங்க பெஞ்சில ஒக்காந்து அழுதா பக்கத்துல போய் ஒக்காருவேன். தாகத்துக்கு ஐஸ் கட்டி ஒண்ண வாயில வச்சுக்கலாம், அதையும் கணக்குல சேத்துக்கணும்னு சொல்வேன். மரக்கறி கதையையும் சொல்வேன்.

இந்த வருஷம் நோன்பும் தவக்காலமும் ஒண்ணாவே தொடங்குது. "கடையில நோன்புக் கஞ்சி காச்சும்போது ஒங்களுக்கு இறைச்சி போடாம தனியா எடுத்து வைக்கிறேன்"னு மாமா சொல்லியிருக்காரு. ரெண்டு பேருக்குன்னுதான் சொன்னாரு. மூணுன்னு வாய் வரைக்கும் வந்து நிறுத்திக்கிட்டாரு.

எனக்கு வாரம் இன்னும் மிஷின் நாள், மிஷின் இல்லாத நாள்னுதான் ஓடுது. காலையில எந்திரிச்சா வெரல் தானா என் மணிக்கட்டத் தொடுது. அங்க அந்த அதிர்வு இல்ல, வெறும் நாடிதான் அடிக்குது. கொஞ்ச நேரம் வச்சுப் பாத்துட்டு, எந்திரிச்சு ஒரு டம்ளர் தண்ணி ஊத்திக்கிட்டு நின்னு மெதுவாக் குடிக்கிறேன். முன்னல்லாம் குடிச்சதே தெரியாது. இப்ப ஒவ்வொரு வாயும் எறங்குறது தெரியுது.

இத படிக்கிறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீங்க எந்த சாமியக் கும்பிட்டாலும் சரி. அடுத்த தடவ தண்ணி குடிக்கும்போது, குடிக்கிறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் நில்லுங்க. எங்க ரீத்தாக்காவுக்காக வேண்டிக்குங்க. அது இருக்கிற எடத்துல தாகம் இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்குங்க.