வடிகட்டிய சூரியக் குடும்பம்

சூரியக் குடும்பம் உண்டாக்க எனக்கு மூன்று பொருட்கள் போதுமாக இருந்தன: வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல், கரண்டி, தேயிலைத் தூளோடு தேத்தண்ணி. ஆதியில் தூசும் வாயுவும்தான் இருந்தன, அவை சுழன்று நடுவில் திரண்டது சூரியன், மிஞ்சியவை கோள்கள் என்று விஞ்ஞான டீச்சர் சொல்லித் தந்திருந்தார். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு நல்ல இலை வராது. அது பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போய்விடும். எங்களுக்குத் தூள். அதைக் கலக்கிக் கரண்டியை எடுத்தால், சுழன்று சுழன்று நடுவில் வந்து குவியும். அப்படிக் குவிவதற்குக் காரணம் ஈர்ப்பு அல்ல, அடியில் உண்டாகும் உராய்வு என்பது பொறியியல் படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது. டீச்சருக்கும் அது தெரியவில்லை போலும். கண்டியில் நடந்த கண்காட்சிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து போவது நான் ஒருத்திதான்.

கண்காட்சிக்கு முதல் நாள் அந்தியில், மலையில் கொழுந்து பறித்து நனைந்து வந்த அம்மா அடுப்பின் முன் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் விளக்கினேன். எங்கே உயிர் வாழலாம் என்பதற்கு அடுப்பையே காட்டினேன். ரொம்பக் கிட்டப் போனால் தண்ணீர் ஆவியாகிவிடும், தூரப் போனால் உறைந்துவிடும், இடையில் கொஞ்ச இடம்தான் உண்டு. அம்மா கண்ணை மூடியபடி எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். பிறகு இரண்டே கேள்விகள். யார் பார்க்க வருவார்கள்? பரிசு தரும் பெரிய சேர்மார் என்றேன். என்ன கொண்டுபோக வேண்டும்? தேத்தண்ணி என்றேன்.

"அத நான் பாத்துக்கிறேன். நீ படு."

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. துவாலையில் சுற்றிய போத்தலை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தார். கேட்டும் என்னிடம் தரவில்லை. மண்டபத்தில் மேசை மேல் வைத்துப் பிரித்தேன். தேத்தண்ணி பளிங்குபோல் தெளிந்து, சிவந்து, ஆவி பறக்க இருந்தது. ஒரு துகள்கூட இல்லை.

"தூள் எங்கம்மா?"

"வடிச்சிட்டேன்டி. பெரிய ஆளுங்களுக்குத் தூளோடயா குடுப்பாங்க?"

சீனியும் போட்டிருந்தார். பையில் ஒரு கிளாசும் இருந்தது. போத்தலை மறுபடி பத்திரமாகச் சுற்றி வைத்தார்.

நடுவர்கள் எங்கள் மேசைக்கு வந்தபோது களைத்திருந்தார்கள். வயதான சேர் ஒருவர் மேசையில் கையூன்றி நின்றார். எனக்கு வேறு வழியில்லை, கலக்கினேன். தேத்தண்ணி சுழன்றது. அவ்வளவுதான்.

"இதுல பூமி எங்க மகள்?"

"அம்மா வடிச்சிட்டாங்க, சேர்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மா முன்னால் வந்து, கிளாசில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"குடிங்க சேர். இன்னும் சூடு இருக்கு."

அவர் சற்றுத் தயங்கினார். பிறகு வாங்கி, நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தார். அருமையான இலை என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

பரிசு, மின்குமிழ் பூட்டிய கோள்கள் சுற்றிவந்த ஒரு மேசைக்குப் போனது. திரும்பும் பஸ்ஸில் தோற்ற காரணங்களை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன்: தூள் இல்லை, சீனி, என் குரல் நடுங்கியது. அம்மா ஜன்னல் கம்பியில் தலை சாய்த்திருந்தார்.

"முழுசாக் குடிச்சாருல்ல" என்றார். அப்படியே தூங்கிப்போனார்.

தோட்டத்தில் நல்ல இலை இருந்த வீடுகள் இரண்டு: துரை பங்களா, கணக்கப்பிள்ளை வீடு. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கணக்கப்பிள்ளை வீட்டில் துணி துவைக்கப் போனார். அதற்கு முன்பு அங்கே போனதில்லை. நானும் கூடப் போய் வாளியருகே உட்கார்ந்து, அழுக்குத் தண்ணீரைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தேன். மண் சுழன்று வந்து நடுவில் அழகாகக் குவிந்தது.

"அம்மா, இங்க பாருங்க, சூரியன்."

"பாக்குறேன்டி" என்றார், கல்லிலிருந்து கையெடுக்காமல்.

லீவு நாளில்கூட இதைப் பார்க்க அவருக்கு நேரமில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது.